குற்றாலத்தில் நின்ற லாரியும் பன்னிரண்டடி கட்அவுட்டும்

என்னிடம் 1962 மாடல் பெட்ரோல் லாரி ஒன்று இருக்கிறது. ஏலத்தில் எடுத்து, பின்னால் கட்டிலும் அடுப்பும் வைத்து, நானும் என் மனைவி செல்வியும் ஊர் சுற்றுவதற்கென்றே தயார் செய்த வண்டி. செல்வி போன ஆண்டு இறந்துவிட்டாள். லாரியை விற்றுவிடச் சொல்லி மகள் கவிதா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு தடவை தனியாகப் போய் வருகிறேன், வழியில் நின்றால் விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஜூலை இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகத் தென்காசி ஏறக்குறைய 155 கிலோமீட்டர். நாற்பதுக்கு மேல் நான் மிதிப்பதில்லை என்பதால் போய்ச் சேரப் பத்தே முக்கால் ஆனது. கடையநல்லூர் தாண்டியதுமே சாரல். வைப்பர், ஹெட்லைட் இரண்டையும் போட்டேன். பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் மீட்டர் இந்த வண்டியில் இடது சீட்டுக்கு எதிரே இருக்கிறது. எந்தப் புண்ணியவான் அங்கே பொருத்தினாரோ தெரியாது. அதைப் பார்ப்பது செல்வியின் வேலை. அன்று அந்த சீட்டில் என் பை இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஐந்தருவி பார்க்கிங்கில் நிறுத்தினேன். அருவியில் கூட்டம் கூட்டமாகக் குடும்பங்கள். ஒருவர் முதுகில் இன்னொருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குளிக்கத் தோன்றவில்லை. ஒரு மணிக்குத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒரு முனகலோடு சரி.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி 10.9தான் காட்டியது. டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அரை அங்குலம் அமுங்கியது, சரியான அளவுதான். பேட்டரி முனைகளும் இறுக்கமாகவே இருந்தன. அப்படியானால் டைனமோ, இல்லையென்றால் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கட்அவுட். பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரியும், டைனமோ போதுமான வேகத்தில் சுற்றும்போது மட்டும் பேட்டரியோடு சேர்த்துவிடும் சின்னப் பெட்டி அது. ஆட்டோக்காரர் ஒருவரிடம், தென்காசியில் கட்அவுட் பார்க்கிற கடைக்குப் போக வேண்டும் என்றேன். எட்டு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். நேராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். வோல்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பன்னிரண்டு என்றேன். பன்னிரண்டா என்று கொஞ்சம் மரியாதையோடு பார்த்துவிட்டு, போட்டோ இருக்கிறதா என்றார். வண்டியின் போட்டோவைத்தான் கேட்கிறார் என்று போனில் தேடினேன். டேஷ்போர்டு தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் நடுவில், இடது சீட்டில், செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அஞ்சலிக்கா அண்ணாச்சி? ஆச்சி எப்பத் தவறுனாவ?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மாப்பிள்ளைகள், தலைவர்கள், காதுகுத்துக் குழந்தைகள். ஃபிளெக்ஸ் கடை! சிரித்திருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தபோது, போன ஆகஸ்டில் என்றுதான் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் பெயர் கேட்டார், என்ன வேலை பார்த்தாள், எதில் போனாள் என்று கேட்டார். பத்து நிமிடம் பேசியிருப்பேன். பிறகுதான் எனக்கு வேண்டியது வேறு கட்அவுட் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "தெரியாமக் கேட்டுட்டேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். பின்தெருவில் இருக்கும் எலெக்ட்ரீசியனிடம் அவரே கூட்டிப்போனார்.

எலெக்ட்ரீசியன் ஒரு பேட்டரியோடு பைக்கில் ஐந்தருவிக்கு வந்தார். அதை இணைத்து எஞ்சினை ஓடவிட்டு, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றினார். அந்த இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வைத்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னார். வோல்ட் விறுவிறுவென்று ஏறியது.

"டைனமோ நல்லாத்தான் இருக்கு. கட்அவுட்டுதான் ஒட்ட மாட்டேங்கு" என்றார்.

எஞ்சினை அணைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் கட்அவுட் பெட்டியைத் திறந்தால், ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய பாயிண்ட் இரண்டும் கரி பிடித்துக் கிடந்தன. நைசான உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி ஓடவிட்டபோது சார்ஜ் மீட்டர் முள் எட்டு ஆம்பியருக்கு வந்தது. அப்போது மணி ஐந்து. கூலி நானூறு.

இறங்கிப்போன பேட்டரியை நம்பி இருட்டில் ஓட்ட வேண்டாம் என்று தென்காசியிலேயே 700 ரூபாய்க்கு அறை எடுத்தேன். ஆறரைக்குக் கவிதா கூப்பிட்டாள். வண்டி எங்கேயாவது நின்றதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்தேன்.

பழைய வண்டியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மல்டிமீட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். சாரலில் லைட் போட்டு ஓட்டினால் மணிக்கொரு தடவை ஓரம் கட்டி, சார்ஜ் மீட்டரைப் பாருங்கள். ஆட்டோக்காரரிடம் வெறுமனே கட்அவுட் என்று சொல்லாதீர்கள், டைனமோ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கவிதா, நீயும் இதைப் படிப்பாய். வண்டி நின்றது, நான்கு மணி நேரம். உன்னிடம் பொய் சொன்னேன். அம்மா போன பிறகு நாம் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று நீயும், நீ உடைந்துவிடுவாய் என்று நானும் பயந்தபடி லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார், நான் பேசிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வாக்கு வாக்குதான், வாங்குகிறவரை வரச் சொல். ஆனால் அவருக்கு முன்னால் ஒரு நாள் நீ வா.