முகூர்த்தத்துக்கு முந்தைய சாயங்காலம்

போன செவ்வாய்க்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் அறை. ஒரு பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

பென்சில், மேனேஜர் ராகவன் சாருடையது. யாரோ போனில் பத்தாம் தேதி முகூர்த்தம் என்றார்கள். "இருக்கு, எழுதிக்கறேன்" என்று புக்கிங் நோட்டில் பத்தாம் தேதிக் கட்டத்தில் பெயரை எழுதினார். கை அதோடு நிற்கவில்லை. தானாக ஒன்பதாம் தேதிக்குப் போய், கட்டத்தின் கீழ்ப்பாதியை ஒரு கோட்டால் அடித்தது.

"சார், ஒன்பதை எதுக்கு அடிச்சீங்க?"

"அடிச்சேனா?" குனிந்து பார்த்தார். "ஆமா, முதல் நாள் மூணு மணிக்கே மண்டபத்தை விட்டுடணுமே. சாயங்காலம் ரிசப்ஷன் இருக்கே. இதைக்கூடவா கேப்பா?"

கேட்காததால்தானே இந்தப் பாடு...

என் காலேஜ் தோழி நஸ்ரீன் வேலையை விட்டுவிட்டு, இந்த மண்டபத்துக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் செய்து கொடுத்திருந்தாள். அவளுடைய முதல் கஸ்டமர். இப்போதைக்கு ஒரே கஸ்டமரும்கூட. ஊரார் மெசேஜில் கேட்பார்கள். ஏஜென்ட் கம்ப்யூட்டரில் உள்ள புக்கிங்கைப் பார்த்துப் பதில் சொல்லும். பார்ப்பதற்கு அதற்கு ஒரு டூல். அந்த டூல் எதற்கு என்று ஒரே வரியில் ஒரு விளக்கம்: "தேதி கொடுத்தால், மண்டபம் காலியா என்று சொல்லும்." ஏஜென்ட்டுக்கு நம் ஊரும் தெரியாது, வழக்கமும் தெரியாது. அந்த ஒரு வரிதான் அதற்கு எல்லாமே.

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு குடும்பம். கல்யாணம் ஊர்க் கோயிலில். இங்கே மாலை ரிசப்ஷன் மட்டும். தேதி கேட்டார்கள். அன்றைய தேதியில் புக்கிங் இல்லை. ஏஜென்ட் "காலி" என்றது. மறுநாள் வேறொருவருக்கு முகூர்த்தம் என்பதை அது பார்க்கவே இல்லை. பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு, வேன் பிடித்து மண்டபம் பார்க்க வந்து இறங்கினார்கள்.

ராகவன் சார் அலைந்து திரிந்து அவர்களுக்கு வேறு மண்டபம் பிடித்துக் கொடுத்தார். பிறகு நஸ்ரீனிடம், "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் அதை அணைச்சுடுவேன்மா" என்றார்.

நஸ்ரீன் வேறு ஏஐ மாடல் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பென்சில் கதையைச் சொன்னேன். "அவர் வாய் சொன்னதை நீ எழுதியிருக்கே. கை செஞ்சதை எழுதலடி."

சரி, விளக்கம்தான் பிரச்சினை என்று எப்படி நிரூபிப்பது? மாடலைத் தொடக் கூடாது. புரோகிராமில் எதையும் மாற்றக் கூடாது. விளக்கத்தை மட்டும் மாற்றி, ஒரே பரீட்சையைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும்.

மண்டபத்துக்கு நிஜமாக வந்த முப்பது கேள்விகளை எடுத்தோம். ராகவன் சாரையே முதலில் விடை எழுதச் சொன்னோம். நாங்கள் எழுதினால் ஏஜென்ட்டுக்குச் சலுகை மார்க் போட்டுவிடுவோமே. பழைய ஒற்றை வரியோடு, பாதிக்குக் கொஞ்சம் மேல் தேறியது.

நஸ்ரீன் உற்சாகத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள். மார்க் இறங்கிவிட்டது. பார்க்கிங் உண்டா என்று கேட்டாலும் ஏஜென்ட் தேதியைத் துழாவ ஆரம்பித்தது.

"ஏண்டி, நிறைய சொன்னா நல்லா புரியணும்ல?"

"உனக்கு யாராவது ஒரு பக்கத்துக்கு வழி சொன்னா, நீ மலைக்கோட்டைக்குப் போய்ச் சேருவியா?"

வெட்டினோம். நான்கு வரி மிஞ்சியது. தேதி என்றால் முகூர்த்தத் தேதி. மண்டபம் முதல் நாள் மூன்று மணியிலிருந்து, முகூர்த்தத்தன்று மூன்று மணி வரை. மாலை விழா மட்டும் என்றால் மறுநாள் தேதியைக் கொடுத்துப் பார். நாலாவது வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தேதி பற்றிய கேள்வி இல்லையென்றால் இந்த டூலைத் தொடாதே.

முப்பதில் இருபத்தொன்பது. தவறிய ஒன்றில், விடைத்தாளே தப்பு என்று ராகவன் சார் பிறகு ஒப்புக்கொண்டார்.

ஆனால், தெரிந்த கேள்வியில் பாஸாவது பெரிய காரியமா? சனிக்கிழமை அவரே புதிதாகக் கேட்டார். எங்களுக்குக் காட்டாமல், தன் போனிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி: "14 சாயங்காலம் ரிசப்ஷன் மட்டும் கிடைக்குமா."

நஸ்ரீன் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

பதில் வந்தது. "பதினைந்தாம் தேதி முகூர்த்தம் பதிவாகியிருப்பதால், பதினான்காம் தேதி மூன்று மணி முதல் மண்டபம் அவர்களிடம் இருக்கும். பதினாறாம் தேதி மாலை காலியாக உள்ளது. பார்க்கலாமா?"

ராகவன் சார் நோட்டைப் பிரித்தார். பதினைந்து, பதினாறு இரண்டிலும் பெயர் இருந்தது. பதினேழு காலி. ஒவ்வொன்றிலும் விரல் வைத்து மெதுவாகப் பார்த்தார்.

"நான் பதினாறை யோசிக்கவே இல்லை," என்றார். "இருக்கட்டும்மா. அணைக்க வேண்டாம்."

நஸ்ரீன் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் என் முதுகில் வைத்தாள் பாருங்கள் ஓர் அடி — இன்னும் வலிக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது.

உங்கள் கடையில், ஆபீஸில், எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் எழுதி வைக்காதது எத்தனை இருக்கும்? ஏஜென்ட் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து, பாலக்கரையில் நஸ்ரீனின் மாமு நடத்தும் மண்டபம். அங்கே நிக்காஹ் தேதி எழுதினால், மறுநாள் வலிமா விருந்தும் அதில் சேர்த்தியாம். கணக்கு முதல் நாளுக்குப் போகாமல் மறுநாளுக்குப் போகிறது. ஸ்ரீரங்கத்து நான்கு வரியை அப்படியே ஒட்டினால் சம்பந்திச் சண்டைதான். அதனால் புது முப்பது கேள்வி, புது விடைத்தாள். சேகரிக்கப் புதன்கிழமை போகிறோம் — அன்றைக்கு அங்கே ஒரு வலிமா இருப்பது தற்செயல்தான், நம்புங்கள்.