ஜிர்காடாங் கேட்டில் என் முறை வந்தபோது

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கு. இடதுபக்க விளக்கு எரியவில்லை. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில், ஆதிவாசிகள் வாழும் காட்டுக்குள் போலீஸ் காவலோடு சேர்ந்து போகும் கான்வாய்க்காக வரிசையில் நின்றோம். கேட் திறக்கும்வரை எந்த வண்டியும் நகராது.

சவாரி திக்லிபூருக்கு. பின்சீட்டில் மதுரையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். என் பக்கத்தில் அவர்கள் மகள். ‘தமிழ் டிரைவர்’ வேண்டும் என்று கேட்டதால் ஏஜென்ட் என்னை அனுப்பியிருந்தார். சீசனில் தமிழ் பார்ட்டிகள் எல்லாம் எனக்கே வரும். என் பிழைப்பு அதில்தான் ஓடியது.

மகள் ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தமிழ்ச் சொல். அதைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மூவரும் ஒரு சுற்று ஆடி முடித்தார்கள்.

“பாய், இப்ப உங்க டர்ன்” என்று ஒரு சீட்டை நீட்டினாள்.

நான் படித்தது போர்ட் பிளேரில், இந்தி மீடியம். வீட்டில் தமிழ் பேசுவோம், எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மனைவிதான் எழுதுகிறாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

“கடல்ல போவும். மெயின்லேண்ட் போக மூணு நாள் ஆவும். டிக்கெட்டுக்கு லைன்ல நின்னே உசிர் போயிடும்.”

“கப்பல்!” என்றார்கள் மூவரும்.

“கரெக்ட்.”

மகள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். “இதுல முருங்கைக்காய்னு போட்டிருக்கு.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “முருங்கைக்காய்க்கு டிக்கெட்டா பாய்?”

வாத்தியார் சிரிக்கவில்லை. “சும்மா இரு. அவர் கண்ணாடி கொண்டுவரல போல.”

“ஆமா சார், சஷ்மா வீட்லயே விட்டுட்டேன்.”

“கண்ணு தெரியாமயா திக்லிபூர் வரைக்கும் ஓட்டப்போறீங்க?” என்றார் அம்மா.

“தூரம் பிராப்ளம் இல்ல மேடம். கிட்டத்துலதான்.”

அப்போது ஒரு கான்ஸ்டபிள் ஜன்னல் வழியாக இந்தியில் அச்சடித்த தாளை நீட்டினார். “பார்ட்டி கோ பட் கே சுனாவோ” என்று, பயணிகளுக்குப் படித்துக்காட்டச் சொன்னார். பொடி எழுத்து. நிற்கக் கூடாது, ஓவர்டேக் கூடாது, போட்டோ கூடாது, ஆதிவாசிகளுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் இந்தியில் மடமடவென்று வாசித்து, தமிழிலும் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது.

தலைக்கு மேலிருந்த ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தேன். அம்மா என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மகள் சீட்டுக்கட்டைப் பைக்குள் வைத்தாள். திக்லிபூர் வரை “நிறுத்துங்க”, “போலாம்” தவிர யாரும் என்னிடம் பேசவில்லை.

தமிழ் படிக்கத் தெரியாதது அன்று பெரிதாக உறுத்தவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் ஒரு பொய் சொன்னார். அதை அவர் குடும்பத்தின் முன்னாலேயே நான் உடைத்துப் போட்டேன். அதுதான் இன்றும் கூசுகிறது. புதிதாக வண்டி எடுக்கும் பையன்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தெரியாததைச் சீட்டு கைக்கு வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் தமிழ் பார்ட்டி வேறு டிரைவருக்குப் போனது; ஏஜென்ட் எனக்கு அனுப்பிய பார்ட்டி கொல்கத்தாவிலிருந்து வந்திருந்தது.