ஸ்டாக் எஞ்சின் எவ்வளவு வலி தாங்கும்?

எஞ்சினைப் பிரிக்கறவங்களுக்குக் கையெல்லாம் கிரீஸ், எஞ்சினை ட்யூன் பண்ணறவங்களுக்குக் காதெல்லாம் ரத்தமுங்க. எங்கூட்டுக்காரர் முதல் ரகம், நான் ரெண்டாவது ரகம். கேரளா எல்லையில இருக்கற வேலந்தாவளத்துல மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துல எங்க ஒர்க்‌ஷாப். அவர் ஸ்பேனர் பிடிப்பாரு. நான் லேப்டாப்பை வண்டியில சொருகி, எவ்வளவு பெட்ரோல் போகோணும், எப்ப ஸ்பார்க் அடிக்கோணும்னு திருத்துவேன். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க"ங்கற பேச்சைக் கேட்டு நொந்துபோன சக ஜீவன்கள் யாராவது இருந்தா வாங்க, உக்காருங்க. உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்லி அழறது?

வலி குறைவு

எனக்குப் பொறந்த ஊடு தாராபுரம். கல்யாணமாகி இங்க வந்த புதுசுல என் மலையாளம் பஸ் போர்டு படிக்கற அளவுக்குத்தான். சித்தூர்க்காரர் ஒருத்தர் வந்து, "சேச்சி, வண்டிக்கு வலி குறைவாணு"ன்னாரு. வலி கொறைஞ்சா நல்லதுதானே? "ரொம்ப சந்தோசமுங்க"ன்னு சொல்லி பானட்டை மூடிட்டேன். மனுசன் எடத்தை விட்டு நவுரவே இல்லை.

எங்கூட்டுக்காரர் ஓடி வந்து, மலையாளத்துல வலின்னா இழுவை புள்ள, வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு அவர் சொல்றாருன்னு புரிய வெச்சாரு. நான் அசடு வழிஞ்சுட்டு நின்னேன். தமிழ் நல்லாவே தெரிஞ்ச அந்த சித்தூர்க்காரர் சாவியை என் கையில குடுத்துட்டுச் சொன்னாரு: "சேச்சி, இது ஆஸ்பத்திரி அல்ல, ஒர்க்‌ஷாப்பாணு."

மாமி போட்ட கண்டிஷன்

வெங்கிடி சார் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில அதிகாரி. அடிபட்டு நசுங்கின வண்டியைப் பார்த்துப் பார்த்து, 'அதிவேகமே காரணம்'னு எழுதி எழுதியே உத்தியோகம் பார்த்த மனுசன். அவர் ஆசைப்பட்டு வாங்கினது வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். நீலக் கலர், ரெண்டே சீட்டு, ஸ்பீடு பிரேக்கர் வந்தா சரிச்சு ஏத்தலைன்னா வயிறு தட்டும். அதுல டர்போ கிடையாது. "வலி போறாது கோகிலா, டர்போ மாட்டணும். ஸ்டாக் எஞ்சின் எத்தனை தாங்கும்?"னு வந்து நின்னாரு. ஸ்டாக்குன்னா கம்பெனியில இருந்து வந்தபடியே கை வெக்காத எஞ்சினுங்க.

டர்போங்கறது எஞ்சினுக்குக் காத்தை அமுக்கி ஊட்டற சமாச்சாரம். அளவா ஊட்டினா தெம்பு. அளவு மீறினா உள்ளே பிஸ்டனைத் தாங்கற கனெக்டிங் ராடு வளைஞ்சு, எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய எட்டிப் பார்க்கும். கம்பெனி குடுத்தது நூத்தி நாப்பது குதிரை சக்தி. இருநூறு வரைக்கும் எஞ்சினைப் பிரிக்காமயே போலாம், அதுக்கு மேல குலதெய்வம் பார்த்துக்கோணும்னு சொன்னேன். போச்சுன்னா மாத்த வேற எஞ்சின் இங்கெல்லாம் கிடைக்காதுன்னும் சொன்னேன். அதுவரைக்கும் ஹேண்ட்பேக்கை மடியில வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்த அவர் சம்சாரம் லலிதா மாமி அப்பத்தான் வாயைத் திறந்தாங்க: "எஞ்சின் வெடிச்சுப் பொட்டித்துன்னா வண்டியை வித்துடுவேன். இவரை யாரும் வாங்க மாட்டா, அதனால இவர் இருக்கலாம்."

சந்தை நாள்

டர்போ மாட்டி முடிச்சு வண்டி எடுக்க சார் வந்தது சந்தை நாளுல. ரோடு பூரா மாடு. நீல வண்டி நடுவுல மாட்டிக்கிச்சு, ஒரு காங்கேயம் காளை அதோட கூரையை நக்கிட்டு நின்னுது. காளைக்காரர் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, இதுல என்ன விசேசம்னு கேட்டாரு. இருநூறு குதிரை பலம்னு சார் பெருமையாச் சொன்னாரு. காளைக்காரர் உச்சுக் கொட்டினாரு: "ஏனுங்க, ஒத்தைக் குதிரைக்குக் கொள்ளு வெக்கறதுக்கே கட்டுபடியாகாதுங்களே."

இன்னும் கொஞ்சம்

ஒரு வாரம் சார் சிரிச்ச முகமா இருந்தாரு. அப்புறம் சனிக்கிழமையானா போனை நீட்டிக்கிட்டு வந்துருவாரு. அமெரிக்காவுல எவனோ இதே எஞ்சின்ல முன்னூறு குதிரை ஓட்டறானாம். நானும் பாடம் நடத்தினேன். ராடை வளைக்கறது குதிரைக் கணக்கு மட்டும் இல்லீங்க, எஞ்சின் மெதுவாச் சுத்தறப்ப ஒரே அமுக்கா அமுக்கறதுதான் வளைக்கும். அவன் ஊரு பெட்ரோல் வேற, நம்ம பாலக்காட்டு வெயில் வேற. எஞ்சின் உள்ளே தட்ட ஆரம்பிச்சா உங்க காதுக்குக் கேக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிரும். அத்தனைக்கும் தலையாட்டிட்டு, கடைசியில "மனசிலாச்சு, ஆனா இன்னும் கொஞ்சம்?"ம்பாரு.

அவரைப் பார்த்தா பாவமாவும் இருந்துது, எரிச்சலாவும் இருந்துது. கேட்டதைக் குடுத்தா அவர் வண்டி போயிரும், குடுக்கலைன்னா என் உசுரு போயிரும். ஒரு சனிக்கிழமை எங்கூட்டுக்காரர் வேற ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தவரு, அங்கிருந்தபடியே சொன்னாரு: "அமெரிக்காக்காரனுக்கு எஞ்சின் போனா வேற எஞ்சின் வாங்கிக்குவான், நம்ம சாருக்கு எஞ்சின் போனா மாமியில்ல இருக்கறாங்க."

திருகு

பழைய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு மூலையில கிடந்துது. அதுல இருந்து வால்யூம் திருகைக் கழட்டி, சுத்தியும் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எழுதி, சார் வண்டி டேஷ்போர்டுல அம்சமா மாட்டினேன். பின்னாடி ஒரு வயர் போகும். போயி, டேப்பு சுத்திக்கிட்டு சும்மா நிக்கும். வலியைக் கூட்டறதுக்குத் திருகு போட்டாச்சு சார், பார்த்துத் திருகுங்கன்னு சொல்லி அனுப்பினேன். எங்கூட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாம டயருக்குக் காத்தடிக்கப் போயிட்டாரு.

அடுத்த சனிக்கிழமை சார் வந்தாரு. போன் நீட்டலை, அமெரிக்காக்காரன் பேச்சே இல்லை. மூணுல வெச்சா வெண்ணெய் மாதிரி போறதாம், ஆறுல முதுகு சீட்டோட ஒட்டிக்கறதாம். அதுக்கு மேல வெச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னாரு: "எட்டுல ஸ்டியரிங் நடுங்கறதாக்கும். பத்துல நான் வெக்கவே மாட்டேன், எஞ்சின் பாவம்."

வட்டவடை ஏத்தம்

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சார்கிட்ட இருந்து போன். மாமியைக் கூட்டிக்கிட்டு உடுமலை, மறையூர் வழியா மூணாறு போயி, அங்கிருந்து வட்டவடை ஏறியிருக்காரு. ஏத்தத்துல படீர்னு ஒரு சத்தம், பின்னால கறுப்புப் புகை, வண்டியில இழுவையே இல்லை. "எஞ்சின் போயிடுத்து கோகிலா. நான்தான் திருகைப் பத்துல வெச்சுட்டேன்"னு சொன்னாரு.

ஸ்டார்ட் ஆகுதான்னு கேட்டேன். ஆகுது, ஆனா உதறுதுன்னாரு. ராடு போயிருந்தா எங்கிருந்து ஸ்டார்ட் ஆகறது? பாதி உசுரு திரும்பி வந்துது. முன்னால போன கேரட் ஜீப் ஒண்ணு சத்தம் கேட்டு நிறுத்தியிருக்குன்னு சொன்னாரு. டிரைவர்கிட்ட போனைக் குடுக்கச் சொல்லி, டர்போவுல இருந்து போற தடிச்ச ரப்பர் குழாயைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துட்டு வந்து சொன்னாரு: "ஒண்ணுமில்லக்கா, குழாய் கழண்டு தொங்குது. இது போனதுக்கா இந்த அண்ணன் இப்படி அழுவுறாரு?"

குழாயை இறுக்கிப் பிடிக்கற கிளாம்பைச் சரியா முறுக்காம விட்டது யாருன்னு நான் திரும்பிப் பார்த்தேன். எங்கூட்டுக்காரர் அவசர அவசரமாக் கை கழுவிக்கிட்டிருந்தாரு.

மாமி சொன்னது

டிரைவர் கிளாம்பை முறுக்கிட்டிருக்கறப்ப மாமி போனை வாங்கிட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. எஞ்சினுக்கு ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னது அவங்க காதுல ஏறவே இல்லை. திருகினது சார் இல்லையாம், மாமியாம். கேரட் மூட்டை ஏத்தின அந்த ஜீப்பு தங்களைத் தாண்டிப் போனதும் மானம் போன மாதிரி ஆயி, பத்துக்குத் திருகிட்டாங்களாம். வண்டி கையை விட்டுப் போயிடும்னு தெரிஞ்சும் பழியைத் தன் தலையில போட்டுண்டுட்டாரே இந்த மனுஷர்னு தேம்பினாங்க.

எனக்கு மனசு கேக்கலீங்க. மாமி, அந்தத் திருகோட வயர் எங்கேயும் போகலை, ஒண்ணும் பத்தும் ஒண்ணுதான், நான்தான் சாருக்காகச் சும்மா மாட்டி விட்டேன்னு போட்டு உடைச்சுட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு கண்ணை மூடிட்டு நின்னேன். மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது, அப்புறம் கிளுக்குனு ஒரு சிரிப்பு. "அதை அவர்கிட்ட சொல்லிடாதே, கேட்டியா? கல்யாணம் ஆன நாள் முதலா ஆத்துல நானும் இவருக்கு அப்படி ஒரு திருகுதான் மாட்டி வெச்சிருக்கேன்."

ஸ்டாக் எஞ்சின் எவ்வளவு வலி தாங்கும்னு இப்ப யார் கேட்டாலும் பட்டுனு பதில் சொல்லிருவேனுங்க, ஆனா எங்கூட்டுக்காரர் எதுக்கெடுத்தாலும் "நீயே முடிவு பண்ணு புள்ள"ங்கறப்பதான், எனக்கு மாட்டியிருக்கற திருகோட வயர் எங்கியாவது போகுதா இல்லையான்னு ரோசனையா இருக்குது.