எவர்சில்வர் பில்டருக்கு அரக்கு முத்திரை

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், தொண்ணூறுகளின் நடுவில், ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தாள்: எங்கள் வீட்டு எவர்சில்வர் காபி பில்டர். காபியில் ஒருவித எண்ணெய் இருக்கிறதாம். எவர்சில்வர் ஓட்டை அதைக் கீழே விட்டுவிடுமாம், காகிதம் பிடித்துக்கொள்ளுமாம். பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கூம்பையும், நூறு வெள்ளை வடிகட்டிக் காகிதங்கள் அடங்கிய கட்டையும் எடுத்து வைத்தாள்.

"தினம் ஒரு காபி, ஒரு பேப்பர். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட். குறையலைன்னா காபியே கெடையாதுங்கப்பா."

சிங்காநல்லூரில் ஒரு மில்லின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் சரக்கைச் சோதித்துத் திருப்பி அனுப்பியவன் நான். புதுச் சரக்கு கொண்டுவருகிறவன் பழைய சரக்கைக் குறை சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவான். மகளுக்கு இதில் விதிவிலக்கு கிடையாது. ஆனால் போவது என் காபி ஆயிற்றே. சோதனை முறைப்படி நடக்கட்டும் என்று எவர்சில்வர் பில்டரைத் துணியில் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்துப் பரணில் ஏற்றினேன். மனைவி சாட்சி.

"ஏனுங்க, ஓட்டுப் பெட்டியாட்டம் சீல் வெக்கறீங்க?" என்றாள்.

மகள் ஊருக்குப் போனாள். காகிதக் காபி தொடங்கியது. சிக்கரி கலந்த பொடி காகிதத்தை அடைத்துக்கொண்டது. ஒரு டம்ளர் டிகாஷன் இறங்குவதற்குள் நான் செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரம்வரை படித்துவிடுவேன். கிடைத்தது துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

ஐம்பதாவது நாளோ என்னவோ, காபி நன்றாக இருந்தது. மறுநாளும் நன்றாக இருந்தது. காரணமில்லாமல் சரக்கின் தரம் உயர்ந்து நான் பார்த்ததில்லை. மனைவி கோயிலுக்குப் போன நேரத்தில் இருப்பைச் சரிபார்த்தேன். ஐம்பது காகிதம் இருக்க வேண்டிய கட்டில் எண்பத்தொன்று இருந்தது. பரணில் ஏறினேன். முத்திரை உடையவில்லை. அப்படியென்றால் மனைவி பக்கத்து வீட்டு பில்டரை இரவல் வாங்கியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். துணிக்கொடியில், என் கைக்குட்டைகளுக்குப் பக்கத்தில், பழுப்பேறிய காகிதக் கூம்புகள் மூன்று கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தன.

"ஒருக்கா ஊத்திப்போட்டு வீசறதுக்கு அதென்ன வாழை எலைங்களா? அலசிக் காயப்போட்டா நல்லாத்தானுங்க இருக்குது."

"இது சோதனை. தினம் புதுசு போடணும்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. கிழிஞ்சா புதுசு எடுக்கறனுங்க."

காபி ருசித்ததற்குக் காரணம் அலசியதா, பழகிப்போன என் நாக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோதனை செல்லாது என்பது மட்டும் தெரிந்தது. அதை ஒப்புக்கொண்டால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். சோதனையை அப்படியே ஓடவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. கொழுப்பு குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் கேட்டாள்: "தினம் ஒரு பேப்பர்தானுங்கப்பா?"

மனைவி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் ஒண்ணு" என்றேன். ஒரு விதத்தில் பொய்யும் இல்லை. இப்படி ஒரு ரிப்போர்ட்டை மில்லில் யாராவது நீட்டியிருந்தால் அன்றே திருப்பியிருப்பேன்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். பல தடவை அலசிய காகிதம் காகிதமே இல்லை. ஆகவே காகிதம் ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது, எவர்சில்வர் தோற்றதாகவும் சொல்ல முடியாது. புதுச் சரக்கின் சோதனை செல்லாமல் போனால் பழைய சரக்கே தொடரும். ஸ்டோர்ஸ் விதி அதுதான்.

பில்டரை இறக்கினேன்.

"சீலை நீங்களே ஒடைங்க. அப்பறம் என்னைச் சொல்லுவீங்க" என்றாள்.

உடைத்தேன். உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. காபி வாசனை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன்.

"என்னுங்க மோந்து பாக்கறீங்க?"

"துரு ஏறியிருக்கான்னு பார்த்தேன்."

"எவர்சில்வருக்கு ஏதுங்க துரு?" என்று பில்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.