ஜீப் இன்ஜின் போட்ட கார்

செண்பகத்தோப்பு வளைவில் இன்று ஒரு பழைய ஜீப் உறுமிக்கொண்டு என் காரைக் கடந்தது.

என் சின்ன வயதில், அப்பாவின் கிழட்டு ஸ்டேஷன் வேகன் நாங்கள் எல்லோரும் ஏறினால் மேட்டில் திணறும். ராஜபாளையத்துப் பட்டறையில் அதற்கு ஜீப் இன்ஜினை மாட்டிய அன்று, எங்களை ஏற்றிக்கொண்டு இங்கேதான் பறந்தார். தடையை மீறிக் காட்டில் வெட்டிய விறகோடு வந்த பெண்கள் சத்தம் கேட்டதும் கட்டுகளைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடினார்கள்.

“பாரஸ்ட் ஜீப்புன்னு நெனச்சிட்டாளுவ” என்றாள் அம்மா.

அப்பா இன்ஜினை அணைத்தார். “ஓடாதீய தாயி! இன்ஜின்தான் ஜீப்போடது, வண்டி நம்ம வண்டி!”

முள் கிழித்த காலோடு ஒருத்தி வெளியே வந்தாள். “இப்படியா பயங்காட்டுவீய?”

அன்றிலிருந்து அப்பா இந்த வளைவில் விடாமல் ஹாரன் அடிப்பார். ஆளைப் பிடிக்க வரும் ஜீப் ஹாரன் அடிக்காதே.

என் புதுக் காருக்குச் சத்தமே கிடையாது. ஆனாலும் கை ஹாரனுக்குப் போனது.