அப்பப்பா பிறந்த வீடு எங்களுடையது அல்ல

சென்ற ஆவணி மாதம் இந்தத் தளத்தில் ‘அப்பப்பாவின் வீட்டில் அந்நியர்’ என்று ஒரு பதிவு போட்டேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் வாசித்ததும் பகிர்ந்ததும் அதுதான். அதில் நான் எழுதியது பிழை. சின்னப் பிழை அல்ல, ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட பிழை. அதைத் திருத்தத்தான் இந்தப் பங்குனியில் மறுபடி மட்டக்களப்புக்குப் போனேன் என்று சொன்னால் நல்ல மனிதனாகத் தெரிவேன். உண்மை அப்படி இல்லை. நான் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான் போனேன்.

இந்தத் தளத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவின் ஊர் மட்டக்களப்பு, அம்மாவின் ஊர் மாத்தளை. அப்பா காலமான பிறகு அவருடைய அலுமாரியில் இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று, அப்பப்பா கணபதிப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். மற்றது, இரண்டு தூண்கள் வைத்த ஒரு வீட்டு வாசலில் அவர் வாலிபனாக நிற்கும் படம். அன்று பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொருவராக மேலே ஏறி வம்ச மரம் வரைந்தேன். மூன்றாவது ஆளோடு மரம் நின்றுவிட்டது. அவருடைய பெயர் சான்றிதழில் இருக்கிறது. மகன் பிறந்த ஊரிலோ எந்தப் பழைய பதிவிலும் அவர் இல்லை. இரண்டு வருடம் தேடியும் ஆள் அகப்படவில்லை.

ஆவணியில் போனபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓர் ஊரில் அந்த வீட்டை மட்டும் கண்டுபிடித்தேன். (ஊரின் பெயரை இம்முறை எழுதவில்லை. பழைய பதிவிலிருந்தும் எடுத்துவிட்டேன்.) படத்தில் இருந்த அதே தூண்கள். முனைக்கடைக்காரர், “ஓம், கணவதிப்புள்ளையர் பிறந்த வீடு இதுதான்” என்றார். வாசல் படலையில் தொங்கிய தபால் பெட்டியில் நான் கேள்விப்படாத ஒரு மனிதரின் பெயர். எனக்கு அது போதுமாக இருந்தது. “அங்க எனக்கு வீடு ஏது?” என்று அப்பா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நான் அதை வீட்டைப் பறிகொடுத்தவரின் வேதனை என்று எழுதினேன். போரில் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் வேறு ஆட்கள் புகுந்துகொண்ட கதைகளோடு சேர்த்து எழுதினேன். வீட்டின் படத்தையும் போட்டேன். அந்த வீட்டாரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“வழக்குப் போடுங்கள்”, “விடாதீர்கள்” என்று பின்னூட்டங்கள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன். தை மாதம் ஒன்று மட்டும் வேறு மாதிரி வந்தது. ‘அது எங்கட வீடு. அம்மா ஒருக்கா வந்து கதைக்கச் சொன்னவ. தர்ஷினி.’ ஐந்து வாரம் அதற்குப் பதில் போடவில்லை. பிறகு ஆவணக் கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 6.05 ரயில். இரண்டாம் வகுப்பு முன்பதிவு 1,900 ரூபாய். சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள், வழியில் வடையைத் தவிர வேறொன்றையும் நம்ப வேண்டாம். வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் கடந்து மட்டக்களப்பில் இறங்கியபோது மாலை 3.20. நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், ஜன்னலைத் திறந்தால் வாவி தெரியும் அறை 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏசி இல்லை, காற்றாடி மட்டும்தான். நன்றாகத் தூங்கினேன். அந்தப் பயணத்தில் நன்றாகத் தூங்கியது அந்த ஓர் இரவுதான்.

மறுநாள் காலை 8.45க்குக் காணிப் பதிவகத்தில் இருந்தேன். நேரத்தோடு போவது நல்லது, ஒன்பதரைக்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டிவிடும். தேடும் படிவத்தில் அப்பப்பாவின் பெயரையும் அவருடைய தகப்பனின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா கூப்பிட்டார்.

“இந்த ரெண்டு பேர்லயும் அந்த ஊர்ல காணி ஒண்டும் இல்லயே. உங்கட அப்பப்பாட தாய்ட பேர் என்ன?”

தெரியாது என்றேன். என் வம்ச மரத்தில் அந்த இடத்தில் ‘மனைவி’ என்று மட்டும்தான் இருந்தது. அவர் என் கோப்பில் இருந்த பிறப்புச் சான்றிதழைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். “இஞ்ச இரிக்கே. பொன்னாத்தை.”

அந்தச் சான்றிதழை நான் ஐம்பது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். தகப்பன் பெயர் இருந்த கட்டத்தை உருப்பெருக்கி வைத்து வாசித்திருக்கிறேன். அதற்குக் கீழே இருந்த கட்டத்தை ஒருநாளும் வாசிக்கவில்லை. இன்னொரு படிவம் வாங்கி அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பொன்னாத்தையின் பெயரில் தேடியதும் வரிசையாக வந்தது. அந்த வளவையும் வீட்டையும் பொன்னாத்தைக்கு அவருடைய தாய் தங்கமுத்து எழுதிக்கொடுத்த சீதன உறுதிப் பத்திரம். பொன்னாத்தை தன் மகள் வள்ளியம்மைக்கு எழுதியது. வள்ளியம்மை தன் மகள் ராசம்மாவுக்கு. ராசம்மா தன் மகள் சிவமலருக்கு. நடுவில் ஓர் ஆணின் பெயரும் இல்லை, ஓர் இடைவெளியும் இல்லை. வள்ளியம்மை என் அப்பப்பாவின் தங்கை.

“ஆம்பிளையள் கலியாணம் முடிச்சா பொஞ்சாதிட வீட்டுக்குப் போயிருவாங்க” என்றார் அந்த அம்மா. “வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். உங்கட அப்பப்பா எங்க போனவர்?”

உன்னிச்சைப் பக்கம் என்றேன். அங்கே அப்பம்மாவுக்கு வீடும் கொஞ்ச வயலும் இருந்தன. இப்போது அவை அத்தையின் மகளிடம் இருக்கின்றன.

“அப்ப சரிதானே. அவர்ட தகப்பனும் வேற எங்கயோ இருந்துதான் இஞ்ச வந்திரிப்பார். மகன் பிறந்த ஊர்ல போய்த் தகப்பன்ட காணியத் தேடினா எப்படி அகப்படும்?”

இரண்டு வருடத் தேடல் அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. அப்பா ஏன் சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதும் விளங்கியது. அவர் எதையும் இழக்கவில்லை. ஊர் வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்தே திரும்பி ரயிலேறிவிடலாமா என்று நினைத்ததை மறைக்கப்போவதில்லை. பழைய பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? வெளியே நின்ற ஓட்டோவில் ஏறி ஊரின் பெயரைச் சொன்ன பிறகும் அந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தது. 24 கிலோமீட்டர், 50 நிமிடம், இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கூட்டிவர 5,000 ரூபாய். ஓட்டியவர் காத்தான்குடியைச் சேர்ந்த றிஸ்வி நானா, அறுபது வயதிருக்கும். பாலம் கடக்கும்போது, வந்த காரியம் என்ன என்று கேட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்ததால் முழுவதையும் சொன்னேன்.

“எங்கட ஆக்கள்லயும் இதே வழக்கம்தான் தம்பி” என்றார். “நான் இரிக்கிறது பொஞ்சாதிட வீட்டுல. முப்பத்தெட்டு வருசமாச்சு. கேட்ல என்ட பேர்தான் போட்டிரிக்கு. நாளைக்கு நீங்க வந்து பாத்தா என்னயும் கள்ளன் எண்டு எழுதுவீங்க போல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாவியைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது மதியம் ஒன்றரை. தபால் பெட்டியில் இருந்தது சிவமலர் அக்காவின் கணவருடைய பெயர். அவர் வயல் வட்டையில் அறுவடைக்குப் போயிருந்தார். நான் யாரென்று அக்காவிடம் சொன்னேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். “வாங்க தம்பி” என்று கதிரையை இழுத்துப் போட்டார். ஏசுவார் என்று நினைத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார்.

மகள் தர்ஷினிக்குக் கலியாணம் பேசி, புரட்டாதியில் நாள் பார்ப்பதாக இருந்தது. மாப்பிள்ளையின் ஊர் கல்குடாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. இந்த வீட்டைத்தான் மகளுக்குச் சீதனமாக எழுதப்போகிறார்கள். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து என் பதிவை அனுப்பிவைத்திருக்கிறார். வழக்குக் காணியில் எப்படிப் பிள்ளையைக் குடிவைப்பது என்று அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நாளும் குறிக்கவில்லை. ஆறு மாதமாக அப்படியே நிற்கிறது.

“உறுதியக் காட்டினம் தம்பி. பார்த்தாங்க. மறுகா, ‘அப்ப என்னத்துக்கு அந்த மனிசன் படத்தோட எழுதினவர்?’ எண்டு கேக்காங்க. அதுக்கு நாங்க என்னத்தச் சொல்லுற?”

மன்னிப்புக் கேட்டேன்.  அப்போதுதான் தர்ஷினி அறைக்குள்ளிருந்து வந்தார். பாலர் பாடசாலையில் ஆசிரியை, இருபத்தேழு வயது.

“போன முறை நீங்க படலையில நிண்டு தண்ணி கேட்டீங்க. நான்தான் கொண்டு வந்து தந்தன்” என்றார். “குடிச்சிப்போட்டு, ‘ஒரு படம் எடுக்கவா, பழைய வீடு, நல்லா இரிக்கு’ எண்டு கேட்டீங்க. நான் ஓம் எண்டன்.”

அது எனக்கு நினைவிருந்தது. வெயில், செம்பு, அந்தப் பெண் சிரித்தது எல்லாமே. பதிவில் நான் எழுதிய வரியும் நினைவிருந்தது. ‘எங்கள் வீட்டு வாசலில் அந்நியர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.’ அந்த வரியைத்தான் நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள்.

“மாமா முறை புள்ள, மெதுவாக் கதை” என்றார் அக்கா. கணக்கு அப்படித்தான் வருகிறது. சிவமலர் அக்கா எனக்கு அக்கா முறை, தர்ஷினி மருமகள். தர்ஷினி என்னை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

பதிவை உடனே அழித்துவிடுகிறேன் என்று ஃபோனை எடுத்தேன். அக்கா தடுத்தார். “அழிச்சா ஒளிச்ச மாதிரி இரிக்கும். படத்தை எடுத்திருங்க. மற்றத விட்டுட்டு, மேல உண்மைய எழுதுங்க. அதுக்கு முதல் அவங்களுக்கிட்ட வந்து சொல்லுங்க.”

அடுத்த நாள் காலை 7.30 பஸ்ஸில் அக்கா, தர்ஷினி, நான் மூன்று பேரும் போனோம். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்கு 32 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். கல்குடாக் கடற்கரை அங்கிருந்து பக்கம்தான், பயணக்கட்டுரை எழுதுபவன் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் கடலைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில், எட்டுப் பேருக்கு முன்னால், சீதன உறுதிகளின் விபரத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, “எனக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை, இருந்ததும் இல்லை. கேட்காமல் எழுதினேன்” என்றேன். 

மாப்பிள்ளையின் தகப்பன் பொறுமையாகக் கேட்டார். “நீங்க வந்தது நல்லம். ஆனா எங்களுக்குச் சொன்னாக் காணாது. எங்கட ஆக்கள் எல்லாரும் ஃபோன்லதான் வாசிச்சவங்க. அதில வரட்டும், பாப்பம்.” மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தர்ஷினியும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆகவே இது அவர்களுக்காகவும் எழுதுவது. படுவான்கரையில் நான் படம் போட்ட அந்த வீடும் வளவும் தங்கமுத்துவின் வீடு. பிறகு பொன்னாத்தையின் வீடு, வள்ளியம்மையின் வீடு, ராசம்மாவின் வீடு. இன்று சிவமலரின் வீடு. அதை அவர் தன் மகளுக்கு எழுதுவதற்கு உலகத்தில் எவருடைய சம்மதமும் தேவையில்லை. என் அப்பப்பா அங்கே பிறந்தார், கலியாணம் முடித்துப் போனார், அவ்வளவுதான். ‘அந்நியர்’ என்று நான் எழுதியவர்கள் என் சொந்த இரத்தம். அந்நியனாகப் போய் நின்றவன் நான்.

என்னைப் போல முன்னோரைத் தேடி இந்தப் பக்கம் வருபவர்களுக்கு என் பட்டறிவு இவ்வளவுதான். ஆண்களின் பெயரை வைத்துக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண் வேறு ஊரிலிருந்து வந்திருப்பார், மகன் வேறு ஊருக்குப் போயிருப்பார். வீட்டில் நிலைத்து நின்றவர்கள் பெண்கள். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரைப் பாருங்கள், அந்தப் பெயரில் சீதன உறுதியைத் தேடுங்கள், பிறகு அந்த வீட்டுக்குப் போய் அங்கே இருக்கும் பெண்ணிடம் கேளுங்கள். பொன்னாத்தையின் கணவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் சிவமலர் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் நான் தேடிய விடை அவருடைய வாயில் இருந்தது. படலையைத் திறந்து கேட்டிருந்தால் ஆவணியிலேயே சொல்லியிருப்பார். திரும்பி வந்த அன்று அம்மாவிடம் அவருடைய அம்மம்மாவின் பெயரைக் கேட்டேன். “இப்பதான் கேக்கத் தோணிச்சா?” என்றுவிட்டுத்தான் சொன்னார்.

மூன்று நாள் போதும். திங்கள் வந்திறங்கினால் பதிவகத்துக்குச் செவ்வாய் கிடைக்கும். பங்குனியில் வெயில் கடுமை. மூலச் சான்றிதழ்களைக் கொண்டுபோகாதீர்கள், பிரதிகள் போதும்.

இந்தப் பதிவை வெளியிடுவதற்கு முன் தர்ஷினிக்கு அனுப்பினேன். அன்று மாலையே தொலைபேசியில் பேசினார். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், இரண்டையும் செய்துவிட்டேன். கலியாணத்துக்கு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“நடந்தா வாங்க” என்றார். “நடக்காட்டி அதையும் எழுதுங்க. ‘நான் எழுதினதாலதான் நடக்கல்ல’ எண்டு எழுதுங்க.”