வாசல் வரை போன அணிநடை

யுத்த காலம். திருகோணமலையில், ஓர்ஸ் ஹில் பக்கம் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் நான் சங்கீத ஆசிரியை. அன்று எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி; பிள்ளைகள் நிறத்துக்கொன்றாக நான்கு இல்லங்களாகப் பிரிந்து போட்டியிடும் நாள்.

அதற்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் ஒரு பழைய ஓட்டப் பயிற்றுநர். முழங்கால் பழுதானதும் பயிற்சியை விட்டுவிட்டு, அனுமதி எடுப்பது முதல் மைதானத்தில் கோடு போடுவது வரை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டவர். அந்த மனுசன் இல்லாவிட்டால் அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் மைதானத்தையே கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் பாண்ட் தாளத்துக்கு இல்லம் இல்லமாக நடக்கும் அணிநடைக்கு அவர் தரும் பயிற்சி இருக்கிறதே, அப்பப்பா! மற்றப் பள்ளிகளில் மேடையைக் கடந்து வந்து நின்றால் முடிந்தது. இவரோ பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நடத்தி, எதிரே இருந்த தேவாலயத்தின் தடித்த கல் மண்டபத்துக்குள் கொண்டுபோய் இருத்துவார். கேட்டால், "பிள்ளையள் வெயிலுக்க நிக்க ஏலாது டீச்சர், அங்க இருந்து தண்ணி குடிக்கட்டும்" என்பார். "இவருக்கு வேற வேலை இல்லை" என்று நாங்கள் ஆசிரியர் அறையில் சிரிப்போம்.

மைதானத்தின் பெரிய வாசலைப் பாதுகாப்புக்காக அடைத்திருந்தார்கள். மிச்சம் ஒரேயொரு ஒடுங்கிய வாசல். ஓட்டம் தொடங்கத் துவக்கு வெடிக்கவும் அனுமதியில்லை. இரண்டு பலகைகளை அடித்துத்தான் ஓட்டம் தொடங்கும்.

சின்னப் பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கும்போது "டமார்" என்றது. பலகைதான் என்று நினைத்து அவர்கள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். சனம் சிரித்தது. இரண்டாவது சத்தத்தில் நிலம் அதிர்ந்தது. துறைமுகப் பக்கம் புகை எழும்பியது. ஷெல்! மைதானம் நிறையப் பிள்ளைகள், பெற்றோர். எல்லோருக்கும் அந்த ஒரு வாசல்.

அப்போது ஒலிபெருக்கியில் அவருடைய குரல், எந்தப் பதற்றமும் இல்லாமல்: "இப்ப அணிநடை. பாண்ட், வாசியுங்கோ. பெற்றோர் எல்லாரும் எழும்பி, நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ. பிள்ளையள் போய் முடிய நீங்கள் வரலாம்."

பாண்ட் முழங்கியது. முந்தின வருடம் வென்ற இல்லம் முன்னால் போவது வழக்கம். அது என்னுடைய சிவப்பு இல்லம். கடைசி இடம் பெற்ற நீல இல்லம் வரிசையின் கடைசியில். என் மகள் அதில்தான் இருந்தாள், மைதானத்தின் மற்றத் தொங்கலில், அந்தக் கோடியில். ஐயோ, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் திரும்பினேன்.

"சிவப்பு இல்ல டீச்சர், உங்கட பிள்ளையளுக்கு முன்னால நில்லுங்கோ" என்றது ஒலிபெருக்கி. ஒருத்தி ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள், அந்த ஒடுங்கிய வாசலில் பிள்ளைகள் மிதிபடுவார்கள். அது எனக்கும் விளங்கியது. மகளைப் பின்னால் விட்டுவிட்டு இடம், வலம் என்று நடந்தேன். கால்கள் எப்படி நடந்தனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மண்டபத்தில் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. வெளியே இன்னொரு சத்தம்; ஜன்னல்கள் கிடுகிடுத்தன. பாண்ட் நிற்கவில்லை. பிறகு நீலக் கொடி. அதைப் பிடித்து, கையை நேராக வீசிக்கொண்டு என் மகள்! அவள் பின்னால் நொண்டி நொண்டி, ஆனால் தாளம் தவறாமல் அவர். பிறகுதான் பெற்றோர் வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அழுதுகொண்டே அவரிடம் போனேன். "சேர், இதுக்காகவோ எங்களை இவ்வளவு நாளும் நடத்தினனீங்கள்?"

"ஓம் டீச்சர். அந்த வாசலைப் பாத்த நாள் தொட்டு எனக்கு நித்திரை இல்லை. பிள்ளையளிட்டச் சொன்னா, பயத்தில ஒருத்தரும் விளையாட வராயினம்" என்றார். சொல்லிவிட்டு, நொண்டியபடியே பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார். இப்படி ஒரு மனுசனோடா ஒரே அறையில் இருந்து தேநீர் குடித்தோம்!

இப்போதும் எங்கேயாவது பாண்ட் சத்தம் கேட்டால் நான் எழும்பி நின்றுவிடுவேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அவர்களுடைய அம்மா எனக்கு உயிரோடு நடந்து வந்தது அந்தத் தாளத்தில்தான்.